கதையில் ஓர் இழை அறுந்தால்...

ஆகாயத்தில் ஒரு கப்பல் பறந்துகொண்டிருக்கிறது. அதற்குள்ளே ஒரு தளபதி, கூரான காதுள்ள வேற்றுக் கிரகவாசி ஒருவர், விளக்குகள் மினுக்கும் யந்திரங்கள். வீட்டில் எல்லோரும் கண் கொட்டாமல் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தச் சமயம் பார்த்து நீங்கள் ஒரு கேள்வி கேட்டு விடுகிறீர்கள்:

"இவன் போன வாரம், 'என் முன்னோர்களில் யாரோ ஒருவர் பூலோகப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்' என்றானே? இந்த வாரம், 'என் அம்மாவே பூலோகப் பெண்தான்' என்கிறானே! எது நிஜம்?"

அவ்வளவுதான். "பேசாமப் பாரும்மா! கதைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று பிள்ளை சீறுகிறான். வீட்டுக்காரர் புன்சிரிப்புச் சிரிக்கிறார். "கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை" என்று மாமியார் தம் பங்குக்கு ஒரு பழமொழியை எடுத்து விடுகிறார்.

சகோதரிகளே, அந்தக் கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். அது அசட்டுக் கேள்வி அல்ல. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நிற்காமல், அந்தக் கதைகளையே அழிந்து போகாமல் காப்பாற்றியும் இருக்கிறார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் ஒரு பெண்மணி என்பதைக் கேட்டால் உங்களுக்கு இன்னும் திருப்தியாக இருக்கும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

முடிச்சு வேறு, அறுந்த இழை வேறு

திருவண்ணாமலை மாவட்டத்தில், சம்பத்கிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது போளூர். ஆரணிப் பட்டுக்குப் பெயர் போன வட்டாரம். அங்கே தறி ஓடும் வீடு எதற்காவது நீங்கள் போயிருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் நீண்டு கிடக்கும். நெய்துகொண்டிருக்கும்போதே ஏதாவது ஓர் இழை 'பட்'டென்று அறுந்து போகும். நெசவாளி தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடிப் பிடிப்பார். ஒரு துண்டு இழையைச் சேர்த்து முடிந்துவிட்டு, மறுபடியும் நாடாவை ஓட விடுவார். பாவே தீர்ந்து போனாலோ, புதுப் பாவைப் பழைய பாவின் முனைகளோடு இழைக்கு இழை பிணைத்தாக வேண்டும். பொறுமைக்குச் சோதனை வைக்கிற வேலை அது.

புடவைக் கடையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மேல் பக்கத்துப் பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாந்து விடுகிறீர்களா? இல்லை. உள் பக்கத்தைத் திருப்பி, விரலால் தடவிப் பார்க்கிறீர்கள். அங்கே ஒரு சின்ன முடிச்சு தட்டுப்பட்டால் பாதகமில்லை. முடியாமல் தொங்க விட்ட இழை தட்டுப்பட்டால்தான், "இது வேண்டாம், வேறே எடுங்கள்" என்கிறீர்கள்.

தொடர் கதைகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முழு நாவலாக எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கடைசி அத்தியாயத்தை முடித்த பிறகு, முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்திக் கொள்ளலாம். வாரா வாரம் வரும் தொடருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. முந்தானை இன்னும் தறியில் இருக்கும்போதே, நெய்து முடிந்த பாதியை நீங்கள் உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள்! ஆகையால் இழை அறுவது சகஜம். அறுந்த இழையை முடிந்தார்களா, இல்லை, 'யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று விட்டுவிட்டார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பணமுடையில் பிறந்த அற்புதங்கள்

சில முடிச்சுகள் பணமுடையால் விழுந்தவை. இந்தச் சங்கதி குடும்பம் நடத்துகிறவர்களுக்கு உடனே புரியும்.

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொடர் 1966 செப்டம்பரில் தொடங்கிற்று. எண்பதுகளில் நம்முடைய தூர்தர்ஷனிலும் அது வந்தது. அதில் தளபதி கிர்க்கும் அவருடைய சகாக்களும் ஒரு மேடையில் நிற்பார்கள். உடம்பு மினுமினுத்துக் கரையும். மறு கணம் வேறொரு கிரகத்தில் நிற்பார்கள்! என்ன விஞ்ஞானக் கற்பனை என்று நாம் வியந்தோம். உண்மைக் காரணம் என்ன தெரியுமா? அவ்வளவு பெரிய கப்பல் வாரா வாரம் ஒவ்வொரு கிரகத்திலும் இறங்குவதாகப் படம் பிடித்தால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே கப்பல் மேலேயே நிற்கட்டும், மனிதர்களை மட்டும் கீழே அனுப்புவோம் என்று தீர்மானித்தார்கள். மாசக் கடைசியில் இருக்கிற காய்கறியைக் கொண்டே ஒரு புதுக் குழம்பு வைத்துப் பெயர் வாங்குகிறீர்களே, அந்தச் சாமர்த்தியந்தான்.

ஆனால், படித்தவர்கள் சும்மா விடுவார்களா? "ஓர் அணுத்துகள் எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்ற இரண்டையும் ஒருங்கே துல்லியமாக அறிய முடியாது என்று ஹைசன்பர்க் சொல்லியிருக்கிறாரே! அப்படியிருக்க ஒரு மனிதரை அணு அணுவாகப் பிரித்து மறுபடி எப்படிக் கூட்டுவீர்கள்?" என்று மடக்கினார்கள். பின்னால் வந்த ஸ்டார் ட்ரெக் தொடர்களில் இதற்காகவே 'ஹைசன்பர்க் ஈடுகட்டி' என்று ஒரு கருவியைச் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று தொடரின் கலைஞர்களில் ஒருவரான மைக்கேல் ஒகுடாவைக் கேட்டபோது, "நன்றாகவே வேலை செய்கிறது, நன்றி!" என்றாராம். கேள்வி நியாயமானது, பதில் எங்களிடம் இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளுகிற பதில் அது. இதுவும் ஒரு முடிச்சுதான்.

இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23-ல் 'டாக்டர் ஹூ' என்ற தொடரைத் தொடங்கியது. காலத்தில் முன்னும் பின்னும் பிரயாணம் செய்யும் ஒரு விசித்திரக் கிழவரின் கதை. முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற 27 வயதுப் பெண்மணி. கிழவருடைய வாகனம் போகிற இடத்துக்கு ஏற்றாற்போல் உருவம் மாற வேண்டுமாம். வாரத்துக்கு ஓர் உருவம் செய்ய யாரிடம் பணம் இருக்கிறது? உருவம் மாற்றும் கருவி பழுதாகிவிட்டது என்று முதல் கதையிலேயே சொல்லி, அந்த நாள் லண்டன் தெருக்களில் நின்ற போலீஸ் தொலைபேசிக் கூண்டின் உருவத்திலேயே வாகனத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த நீலக் கூண்டுதான் இன்றைக்கும் தொடரின் அடையாளம்.

1966-ல் பெரிய கஷ்டம் வந்தது. கதாநாயகராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நலம் கெட்டது. கதாநாயகன் இல்லாமல் கதை எப்படி? ஆனால் அவர் வேற்றுக் கிரகவாசி ஆயிற்றே! உடம்பு தளர்ந்தால் புது உடம்பு எடுத்துக்கொள்வார் என்று ஒரு விதி செய்தார்கள். பாட்ரிக் ட்ரவுட்டன் என்ற வேறு நடிகர் வந்தார். தொடர் பிழைத்தது.

பிற்பாடு 1976-ல், இப்படிப் 12 முறைதான் உடம்பு மாற்ற முடியும் என்று ஒரு கதையில் சொல்லி வைத்தார்கள். அப்போது நான்காவது நடிகர்தான் நடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு எங்கே வரப் போகிறது என்ற தைரியம். 2013 கிறிஸ்துமஸில் கணக்கு தீர்ந்தே போயிற்று! ஆனால் அவர்கள் நழுவவில்லை. கணக்கு தீர்ந்ததையே கதையாக வைத்து, கதாநாயகருக்குப் புது ஆயுள் வரம் கொடுத்து முடிந்தார்கள். முப்பத்தேழு வருஷம் கழித்து அந்த எண்ணை ஞாபகம் வைத்திருந்தவர்கள் யார்? பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

மறதியும் மன்னிப்பும்

இன்னொரு வகை, வெறும் மறதி.

ஸ்டார் ட்ரெக்கின் ஆரம்பக் கதை ஒன்றில், தளபதியைக் கொல்லப் போவதாக மிரட்டுகிற ஒருவன் அவருக்காகக் கல்லறைக் கல் ஒன்றை நடுகிறான். அதில் இருக்கும் பெயர் ஜேம்ஸ் ஆர். கிர்க். மற்ற இடங்களிலெல்லாம் அவர் ஜேம்ஸ் டி. கிர்க்! கூரான காதுள்ள ஸ்பாக்கைப் பற்றி முதலில் கேட்டீர்களே, அதுவும் அதே கதைதான். முன்னோர் ஒருவர் பூலோகப் பெண்ணை மணந்ததாக அவர் சொன்ன கதை 1966 செப்டம்பர் 22-ல் ஒளிபரப்பாயிற்று. சரியாக ஒரு வாரம் கழித்து வந்த கதையில் தம் தாயாரே பூலோகத்துப் பெண் என்று மனமுருகுகிறார்.

இந்த அறுந்த இழையை அழகாக முடிந்தவர் டி. சி. ஃபான்டானா என்ற எழுத்தாளர். டி. என்பது டோரதி. பெண் என்று தெரிந்தால் கதையைப் படிக்காமலே தள்ளி விடுவார்கள் என்பதற்காக முதலெழுத்துக்களுக்குள் ஒளிந்துகொண்ட பெண்மணி. 1967-ல் அவர் எழுதிய கதையில் ஸ்பாக்கின் தாயும் தகப்பனாரும் நேரிலேயே வந்துவிட்டார்கள். உணர்ச்சியைக் காட்டக் கூடாதென்ற குலத்தில் வாழ்க்கைப்பட்ட பூலோகத்துத் தாய், கல்லாய் நிற்கும் மகன், அவனோடு பேசாத தகப்பன்! நம் ஊர்க் குடும்பக் கதைக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்? அதைப் பார்த்த பிறகு அந்த 'முன்னோர்' பேச்சு யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

இன்னொரு வேடிக்கை. 1967 பிப்ரவரியில் கான் என்ற வில்லன் வந்து போனான். செக்கோவ் என்ற மாலுமி தொடரில் சேர்ந்ததோ அதே வருஷம் செப்டம்பரில். 1982-ல் வந்த சினிமாவிலோ, கான் செக்கோவைக் கண்டதும், "உன் முகம் எனக்கு மறக்கவில்லை" என்கிறான்! பாராத முகம் எப்படி ஞாபகம் இருக்கும்? செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் ரசிகர்களிடம் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. செக்கோவ் அப்போதே கப்பலில்தான் இருந்தானாம். குளியலறையை விட்டு வெளியே வராமல் கானை வாசலில் வெகு நேரம் காக்க வைத்துவிட்டானாம். அந்தக் கோபத்தில்தான் கானுக்கு அவன் முகம் மறக்கவில்லையாம்!

கிளிங்கான் என்ற போர்க்குலத்தாரின் நெற்றி விவகாரமும் பிரசித்தம். அறுபதுகளில் அவர்களுக்கு நம்மைப் போல வழவழப்பான நெற்றி. ஒப்பனைக்குக் காசு சேர்ந்த பிறகு, 1979-ல் வந்த சினிமா முதற்கொண்டு, நெற்றியில் மேடு பள்ளமாக எலும்பு. ஏன் என்று வெகு காலம் யாரும் வாயைத் திறக்கவில்லை. 1996-ல் ஒரு பாத்திரத்திடம் நேரடியாகவே கேட்கிறார்கள். "அதைப் பற்றி வெளியாரிடம் நாங்கள் பேசுவதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 2005-ல்தான், ஒரு நோய்க் கிருமியால் வந்த வினை என்று முழு விளக்கம் கொடுத்தார்கள். முதலில் மௌனம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் விளக்கம். என் அபிப்பிராயத்தில் மூன்றிலும் சிரிப்புதான் உயர்த்தி. சில விஷயங்களுக்குப் பெரிய விளக்கம் கொடுத்தால் முடிச்சு இன்னும் தடித்துப் போகிறது.

நம் வீட்டுக் கதைகள்

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் பறந்த சக்திமானை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அசடு வழிந்தால் அவர் பத்திரிகை ஆபீஸ் கங்காதர். கழற்றிவிட்டால் சக்திமான். ஒரே அறையில் வேலை பார்க்கும் கீதாவுக்குக்கூட வெகு காலம் அடையாளம் தெரியவில்லை! அமெரிக்க சூப்பர்மேன் 1938 முதல் செய்துவரும் இந்தக் கண்ணாடி வித்தையை எந்த ஊர்க் குழந்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறது. மாறுவேஷம் பூண்ட அரசனை மந்திரிக்கே அடையாளம் தெரியாத கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 2021-ஐ ஒட்டிய காலத்தில் நடக்கும் கதை. நாட்டை ஆளுகிறவர் ஜீவா என்ற சர்வாதிகாரி. கணவனைக் காணாமல் தவிக்கும் நிலா. அவளுக்குத் துணையாக வந்து சேரும் ஜீனோ என்ற இயந்திர நாய். பொம்மையாக இருந்த ஜீனோ வர வரச் சுயமாக யோசிக்கவும், புத்தகம் படித்துக் கருத்துச் சொல்லவும் தொடங்கிவிடுகிறது. எப்படி? கதையைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்? அந்த நாய்க்குட்டியின் மேல் உண்டான பிரியம் கேள்வியை மறக்கடித்துவிட்டது.

நிஜமான 2021 வந்தபோது ஜீவாவும் இல்லை, ஜீனோவும் இல்லை. நாமோ முகக்கவசம் கட்டிக்கொண்டு கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தோம். இதைப் பிழை என்று சொல்லலாமா? கூடாது. நாள்காட்டி எல்லா விஞ்ஞானக் கதைகளையும் ஒரு நாள் தாண்டிப் போகும். ஸ்டார் ட்ரெக்கிலும் 1990-களில் உலகத்தையே ஆட்டிவைக்கும் யுத்தம் ஒன்று வருமென்று 1967-ல் சொல்லியிருந்தார்கள். அது வரவில்லை. புதுத் தொடர் ஒன்றில் 2023-ல் வந்த கதையில், யாரோ காலப் பிரயாணம் செய்து குழப்பியதால் அந்த யுத்தம் தள்ளிப் போயிற்று என்று சாமர்த்தியமாகச் சமாளித்தார்கள்.

விஞ்ஞானக் கதையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தொடரை வாசகர்கள் குறுக்கு விசாரணை செய்வது நம் ஊரில் பழைய வழக்கம். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் 'பொன்னியின் செல்வன்' வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி அவர்கள் பட்டவர்த்தனமாகச் சொல்லாமலே கதையை முடித்தார். சரித்திரமே தெளிவாகச் சொல்லாத விஷயம் அல்லவா? ஆனால் வாசகர்களின் கேள்விகளை அவர் அலட்சியம் செய்யவில்லை. முடிவுரை என்று தனியாக எழுதி, இன்னின்ன பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று பதில் சொன்னார். வாசகருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது.

மன்னிக்கக் கூடாதது எது?

இத்தனையும் மன்னிக்கலாம் என்றால், எதைத்தான் மன்னிக்கக் கூடாது?

அமெரிக்காவில் 2004 முதல் 2010 வரை 'லாஸ்ட்' என்ற தொடர் வந்தது. ஆகாய விமானம் ஒன்று யாருமற்ற தீவில் விழுகிறது. வெப்பமான அந்தத் தீவில் துருவக் கரடி! புகையாய் வரும் பூதம்! 4, 8, 15, 16, 23, 42 என்று துரத்தி வரும் எண்கள்! அபூர்வ சக்தி படைத்தவனாகத் தோன்றும் வால்ட் என்ற சிறுவன்! வாரத்துக்கு வாரம் புது மர்மம். ஜனங்கள் தூக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

சிறுவன் வால்ட்டினால் ஒரு சங்கடம் முளைத்தது. கதைப்படி தீவில் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் நடித்த பையன் வளர்கிற வயசுக்காரன். படப்பிடிப்போ வருஷக் கணக்கில் நடக்கிறது. பையன் மளமளவென்று உயர்ந்துவிட்டான்! போன தீபாவளிக்குத் தைத்த கால்சட்டை இந்தத் தீபாவளிக்கு முழங்காலில் நிற்கும் அதிசயத்தை எந்தத் தாயார் அறியமாட்டாள்? தொடர்காரர்கள் இதை எதிர்பார்த்திருக்க வேண்டாமோ? இரண்டாவது வருஷத்தின் முடிவில் அவனைப் படகில் ஏற்றித் தீவை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எப்போதாவது தலையைக் காட்டியதோடு சரி. அவனுக்கு என்ன சக்தி, அது ஏன் வந்தது என்பதற்கு முழுப் பதில் வரவே இல்லை.

எத்தனை வருஷம் ஓடும் என்று தெரியாமல் மர்மத்தை மட்டும் வளர்த்துக்கொண்டே போனதுதான் இதற்கெல்லாம் மூல காரணம். 2007-ல்தான் தொடர்காரர்களும் நிறுவனத்தாரும், 2010-ல் முடிப்பது என்று நாள் குறித்தார்கள். பாவு எத்தனை கெஜம் என்று தெரியாமல் முந்தானையை எங்கே போடுவது? நாள் குறித்த பிறகு கதை நேராக நடந்தது வாஸ்தவம். ஆனாலும் கடைசிக் கதை வந்தபோது, கண்ணீர் விட்டு மகிழ்ந்தவர்கள் பாதி, 'ஆறு வருஷம் காத்திருந்தோமே!' என்று நொந்துகொண்டவர்கள் பாதி.

இவர்கள் நொந்ததில் நியாயம் இருக்கிறது. விலாசம் மாறலாம், முதலெழுத்து மாறலாம், நெற்றிகூட மாறலாம். அவை எதுவும் நமக்கு வாக்குக் கொடுத்தவை அல்ல. 'இதற்குப் பதில் இருக்கிறது, காத்திருங்கள்' என்று சொல்லி நம்மை உட்கார வைத்த மர்மம் மட்டும் வாக்குறுதி. துணி துவைக்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நாம் கொடுத்த நேரத்துக்கு அது கடன் பத்திரம். அதைத் திருப்பித் தராமல் விட்டால், உள் பக்கத்தில் தொங்கும் இழை அதுதான்.

கேட்டவர்கள் காப்பாற்றினார்கள்

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன பெண்மணியிடம் வருவோம். பெயர் பிஜோ ட்ரிம்பிள். ஸ்டார் ட்ரெக்கை இரண்டு வருஷத்தோடு நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், அவரும் கணவர் ஜானும் ரசிகர்களைத் திரட்டினார்கள். என்.பி.சி. நிறுவனத்துக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாய்ப் போய்க் குவிந்தன. கடைசியில் 1968 மார்ச்சில், தொடர் தொடர்ந்து வரும் என்று நிறுவனமே ஒளிபரப்பில் அறிவிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது வருஷம் கிடைத்தது. அந்தக் கூடுதல் கதைகளின் பலத்தில்தான் பிற்பாடு மறு ஒளிபரப்புகள் நிலைத்து, தொடர் உலகப் புகழ் பெற்றது என்று சொல்வார்கள்.

அந்த அம்மாள் அதோடு ஓய்ந்துவிடவில்லை. எந்தக் கதையில் யார் வந்தார், எந்தக் கிரகம், என்ன கருவி என்று முழுவதையும் அகராதி போலத் தொகுத்தார். 1976-ல் அது கடைகளில் புத்தகமாக விற்பனைக்கு வந்தது. பிழை கண்டுபிடிக்கிறவர்கள் கதைக்குச் சத்துருக்கள் என்று யார் சொன்னது? பிரியம் இல்லாதவர்களுக்குப் போன வாரத்துக் கதையே ஞாபகம் இருக்காதே!

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை உங்களுக்குச் சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். "பேசாமப் பாரும்மா" என்கிற பிள்ளையிடம், "பார்த்துக்கொண்டிருப்பதால்தானடா கேட்கிறேன்!" என்று சொல்லுங்கள். கேட்ட பிறகு ஒரு நிமிஷம் யோசியுங்கள். பணமுடையா, மறதியா, நடிகரின் உடம்பு அசௌகரியமா? அப்படியானால் சிரித்து மன்னித்துவிடுங்கள். உங்களைக் காக்க வைத்துவிட்டுக் கைவிரித்தார்களா? அப்போது ஒரு தபால் கார்டு எழுதிப் போடுங்கள். தபால் கார்டுகளுக்குப் பயந்த தொடர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு.